தவலையின் கழுத்தில் ஒரு பெயர்

சென்னைக்கு மேற்கே, பூவிருந்தவல்லியையும் ஆவடியையும் இணைக்கும் சாலையை ஒட்டி அமைந்த பாரிவாக்கத்தில் ஒரு குடும்பம் தன் முன்னோரைப் பற்றித் தேடத் தொடங்கினால், முதலில் கைக்கு வருவது நிலப்பத்திரமாகவே இருக்கும். ஏரித் தண்ணீரை நம்பி நெல் விளைந்த வயல்கள் மனைகளாக மாறிய கடந்த சில பத்தாண்டுகளில், ஒவ்வொரு விற்பனைக்கும் முன்பும் வாங்குவோர் மூலப்பத்திரத்தைக் கேட்டனர். மூலப்பத்திரம் என்பது இன்றைய உரிமைக்கு வேராக நிற்கும் மிகப் பழைய ஆவணம், பேச்சுவழக்கில் அதைத் தாய்ப்பத்திரம் என்றும் சொல்வர். அதனால் டிரங்குப் பெட்டிகளின் அடியில் கிடந்த முத்திரைத்தாள்கள் வெளிச்சத்துக்கு வந்தன. பேரன்மார் பலர் தம் பாட்டனாரின் தகப்பனார் பெயரை முதன்முறையாக அந்தத் தாள்களில்தான் படித்தனர். ஆனால் தாயின் பெயரால் அழைக்கப்படும் அந்த ஆவணத்தில் தாய்மாரின் பெயர்கள் மிக அரிதாகவே காணப்படுகின்றன. இக்கட்டுரை அந்தக் குறையையும், அதே வீட்டின் பரணில் கிடந்து அதை ஓரளவு நிரப்பக்கூடிய மற்றொரு பதிவையும் பற்றியது.

பழைய கிரயப் பத்திரத்தின் நடையை அறிந்தவர்களுக்கு அதன் செறிவு தெரியும். எழுதிக்கொடுப்பவர், எழுதி வாங்குபவர், அவர்களுடைய தகப்பனார் பெயர், வயது, தொழில், குடியிருக்கும் ஊர் ஆகிய அனைத்தும் அதில் வரும். திருவள்ளூர் மாவட்டம் 1997இல்தான் தனியாகப் பிரிக்கப்பட்டது என்பதால், அதற்கு முந்தைய தாள்களில் இவ்வூர் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்ததாக இருக்கும். நான்கெல்லை எனப்படும் பகுதி, விற்கப்படும் நிலத்துக்குக் கிழக்கே யாருடைய நஞ்சை, மேற்கே எந்த வாய்க்கால், வடக்கே யாருடைய களம் என்று சொல்லும்போது, இன்று கான்கிரீட் வீடுகள் நிற்கும் இடத்தில் ஒரு காலத்தில் யார் யாருக்குப் பக்கத்து வயல்காரராக இருந்தார் என்பது தெளிவாகத் தெரிகிறது. பெண்ணின் பெயர் இந்தத் தாள்களில் வர வேண்டுமானால், அவள் பெரும்பாலும் கைம்பெண்ணாகவோ, மைனர் பிள்ளைகளுக்குத் தாயும் கார்டியனுமாகவோ இருக்க வேண்டியிருந்தது. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் பங்குண்டு என்று இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குத் தமிழ்நாடு செய்த திருத்தம் 1989 மார்ச் 25 முதல் செல்லுபடியானது. அதுவும் அந்நாளில் மணமாகாதிருந்த மகள்களுக்கு மட்டுமே பொருந்தியது. மணமான மகள்களையும் சேர்த்துக்கொண்ட நடுவணரசின் திருத்தம் 2005இல் வந்தது. அதன் பிறகே அத்தைமாரும் அக்காமாரும் பத்திர அலுவலகத்தின் பெஞ்சுகளில் வரிசையாக உட்கார்ந்து கையெழுத்திடும் காட்சி இப்பகுதியில் வழக்கமானது. அதற்கு முந்திய தலைமுறைப் பெண்கள் எங்கே பதிவானார்கள் என்ற கேள்விக்கு விடை தேட, பெட்டியை மூடிவிட்டுப் பரண்மேல் ஏற வேண்டும்.

பரணில் இருப்பவை பித்தளைப் பாத்திரங்கள். அண்டா, குண்டான், தவலை, அன்னக்கூடை, தாம்பாளம், சொம்பு, குடம் என்று திருமணத்தின்போது பிறந்த வீட்டார் பெண்ணுக்குக் கொடுத்தனுப்பும் பொருள்களின் தொகுதி சீர் அல்லது சீர்வரிசை எனப்படும். அவற்றைக் கடையில் வாங்கும்போதே பெயர் வெட்டுவது வழக்கம். பெயர் வெட்டுதல் என்பது சிற்றுளியையும் சிறு சுத்தியலையும் கொண்டு, பாத்திரத்தின் கழுத்திலோ விளிம்புக்குக் கீழோ, புள்ளி புள்ளியாகத் தட்டி எழுத்தை உருவாக்குவது; பின்னாளில் மின்சாரத்தால் இயங்கும் ஊசிமுனைக் கருவி வந்தபோது புள்ளிகள் நெருங்கித் தொடர்கோடாயின. பாத்திரக் கடை வாசலில் பலகை போட்டு உட்கார்ந்த தொழிலாளி, மடியில் தவலையைச் சாய்த்து வைத்து, எழுத வேண்டியதை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டு, எழுத்துக்கு இத்தனை காசு என்று கூலி பேசி வெட்டுவார். எழுத்தை எண்ணிக் கூலி கொடுத்ததால் சொற்கள் சுருங்கின. வருஷம் என்பது ஒற்றைக் குறியாயிற்று, அன்பளிப்பு என்பது விடுபட்டது, ஊர்ப்பெயர் முதலெழுத்தோடு நின்றது. எது சுருங்கினாலும் பெண்ணின் பெயர் மட்டும் முழுமையாக வெட்டப்பட்டது என்பதே இங்குக் கவனிக்கத்தக்க செய்தி. அந்தப் பாத்திரம் அவளுடையது என்று பிறர் அறிவதற்காகவே அந்தக் கூலி கொடுக்கப்பட்டது.

ஒரே பெண்ணின் பாத்திரங்களை வரிசையாக வைத்துப் படித்தால் அவள் வாழ்க்கையின் படிநிலைகள் தெரியவரும். சீராக வந்த தவலையில் அவள் பெயருக்கு முன்னே இருப்பது தகப்பனாரின் முதலெழுத்து. தலைப்பிரசவத்துக்குப் பின் குழந்தையோடு புகுந்த வீட்டுக்கு அனுப்பப்பட்டபோது கிடைத்த சொம்பிலும் அதே எழுத்து இருக்கக்கூடும். தானே சிறுகச் சேர்த்து வாங்கிய குடத்தில் கணவனின் முதலெழுத்து வந்துவிடுகிறது. மகளின் காதுகுத்துக்கு உறவினர் வைத்த தாம்பாளத்தில் அவள் பெயரே இல்லாமல், கொடுத்தவர் பெயர் மட்டும் இருக்கிறது. மொய் நோட்டு, அதாவது விழாவுக்கு வந்தோர் கொடுத்த பணத்தைக் குறித்து வைக்கும் ஏடு, திருப்பிச் செய்ய வேண்டிய கடனின் கணக்கு என்பதால் கணவன்மாரின் பெயரிலேயே ஓடும். பாத்திரத்தில் வெட்டிய எழுத்து அப்படிப்பட்ட கணக்கு எதற்கும் உட்படாதது.

இவ்வெழுத்துகளுக்குக் காலம் கணிப்பது சிறிது பயிற்சியால் கைவரும். அறுபது ஆண்டுகள் கொண்ட தமிழ் வருஷச் சுழற்சியின் பெயரால் நாள் குறிப்பதே பழைய வழக்கம். பிரபவ முதல் அட்சய வரை செல்லும் அச்சுழற்சி முடிந்ததும் மீண்டும் பிரபவ தொடங்குவதால், ஒரு பெயர் இரண்டு காலங்களைக் குறிக்கக்கூடும். மன்மத வருஷம் தை மாதம் என்று வெட்டியிருந்தால் அது 1956ஆம் ஆண்டின் தொடக்கமாகவும் இருக்கலாம், 2016ஆம் ஆண்டின் தொடக்கமாகவும் இருக்கலாம். அங்கே எழுத்தின் வடிவம் துணைக்கு வருகிறது. தமிழ்நாட்டு அரசு 1978 அக்டோபரில் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றுக்கொள்ளும்வரை லை, னை, ணை போன்ற எழுத்துகள் தலைமேல் யானைத் துதிக்கை போன்ற வளைவுடன் எழுதப்பட்டன. னா, ணா, றா ஆகியவை காலைத் தனியே பெறாமல் கீழே சுழித்து முடிந்தன. பழக்கப்பட்ட கைகள் 1978க்குப் பின்னும் சில ஆண்டுகள் பழைய வடிவத்தையே வெட்டியிருக்கும் என்பதை மறக்கலாகாது. ஆயினும் துதிக்கை லை உள்ள ஒரு தவலையை 2016க்கு உரியதென்று யாரும் கருத மாட்டார்கள். பாத்திரத்தில் பெயர் பொறித்தலைச் சிற்றூர்ப் பழக்கம் என்று ஒதுக்குவோருக்கு ஒன்றைச் சொல்லலாம். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு முதலாம் இராசராசனின் தமக்கை குந்தவை கொடுத்த பொருள்கள், கொடுத்தவர் பெயரும் எடையும் குறிக்கப்பட்டு, அக்கோயிலின் கல்லில் ஆயிரம் ஆண்டுகளாக நிற்கின்றன. கொடுத்த பொருளோடு கொடுத்தவளின் பெயரும் நிலைக்க வேண்டும் என்ற எண்ணமே அரண்மனையிலும் பாரிவாக்கத்து வீட்டிலும் இருந்திருக்கிறது.

இக்கட்டுரையாளரின் தாய்வழிப் பாட்டி, அப்பகுதி வழக்கப்படி ஆயா என்று அழைக்கப்பட்டவர், 1956 தை மாதத்தில் மணமாகிப் பாரிவாக்கத்துக்கு வந்தவர். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இந்தியப் பெண்களில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு ஒன்பது பேருக்கும் குறைவு என்று 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு காட்டிய காலத்தில் அது புதுமையன்று. ஆயினும் தம் பாத்திரங்களை அவர் படித்தார். திருவிழாவுக்கோ கல்யாணத்துக்கோ பக்கத்து வீடுகளுக்கு இரவலாகச் சென்ற அண்டாக்களும் குண்டான்களும் ஒரே குவியலாகத் திரும்பி வரும்போது, ஆயா ஒவ்வொன்றையும் கவிழ்த்து, வலக்கைப் பெருவிரலை விளிம்புக்குக் கீழே மெல்ல ஓட்டி, மூன்றாவது எழுத்தில் ஒரு புள்ளி ஆழமாக விழுந்திருக்கும் இடத்துக்கு வந்ததும் தம்முடையதென்று எடுத்து வைப்பார். புளியும் சாம்பலும் போட்டு அறுபது ஆண்டுகள் துலக்கியதில் மற்றப் புள்ளிகள் மழுங்கியபோதும் அந்த ஒன்று விரலுக்குத் தட்டுப்பட்டது.

காலத்தையும் அவர் ஊர் நிகழ்ச்சிகளை முளைக்குச்சிகளாக நட்டே அளந்தார். சப்பானியர் குண்டு போடப்போகிறார்கள் என்ற அச்சத்தில் 1942இல் சென்னை நகரத்து மக்கள் கூட்டங்கூட்டமாகச் சிற்றூர்களுக்குப் பெயர்ந்ததை அவர் “பட்டணத்து ஜனங்க மூட்ட முடிச்சோட வந்த வருஷம்” என்றே சொல்வார். அப்போது தாம் இடுப்புக் குழந்தையாக இல்லாமல் நடந்து திரிந்ததாக நினைவிருந்ததால் தம் வயதை அதிலிருந்து கணக்கிட்டார். சோசலிசப் பாணிச் சமுதாயம் என்ற தீர்மானத்தை நிறைவேற்றியதற்காக வரலாற்று நூல்களில் இடம்பெற்ற 1955 சனவரி ஆவடி காங்கிரஸ் மாநாடு, அவருக்குத் தம் கல்யாணத்துக்கு முந்தைய தை. ஆவடியில் டாங்கி செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா 1965 டிசம்பரில் வெளிவந்தது. அதை அவர் மூத்த மகளின் காதுகுத்துக்கு அடுத்த மார்கழி என்று நினைவு வைத்திருந்தார். பிறப்பு இறப்புப் பதிவுக்கான நாடளாவிய சட்டம் 1969இல்தான் இயற்றப்பட்டது. அதற்கு முன் பிறந்த கிராமத்துப் பிள்ளைகள் பலருடைய பிறந்தநாளைப் பள்ளியில் சேர்த்த ஆசிரியரே வசதிப்படி குறித்தார். அத்தகைய சான்றிதழ்த் தேதிகளைவிட ஆயாவின் கணக்கு உண்மைக்கு அருகில் இருந்தது என்பதை, பாத்திரங்களில் வெட்டிய வருஷப் பெயர்களோடு ஒப்பிட்டபோது இக்கட்டுரையாளர் கண்டார்.

எழுதத் தெரிந்த ஆண்கள் விட்டுச்சென்ற குறிப்புகளின் மதிப்பை இங்குக் குறைத்துச் சொல்வதற்கில்லை. சென்னைப் பெரம்பூரில் 1709இல் பிறந்து புதுச்சேரிக்குச் சென்று பிரெஞ்சுக்காரர்களின் துபாஷியான, அதாவது மொழிபெயர்ப்பாளரும் வணிக இடையீட்டாளருமான ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பில் அரசியலோடு இல்லத்து நிகழ்ச்சிகளும் வருகின்றன. அவை இல்லையேல் அக்காலத் தமிழ்க் குடும்பம் ஒன்றின் அன்றாடம் நமக்குத் தெரிந்திராது. ஆனால் பாரிவாக்கத்துப் பெண்களின் கையில் தாளும் எழுதுகோலும் இல்லை. அவர்கள் தம் வீட்டின் இறந்தோரை வேறொரு வழியில் நினைவில் வைத்தனர். அதற்குப் பூவாடைக்காரி வழிபாடு என்று பெயர்.

தொண்டை மண்டலம் எனப்படும் வட தமிழகப் பகுதிகளில், வீட்டில் திருமணம் முதலிய சுபகாரியம் நடப்பதற்கு முன், அந்தக் குடும்பத்தில் கன்னியாகவோ சுமங்கலியாகவோ இறந்த பெண்களை அழைத்துப் படையலிடும் வழக்கம் இன்றும் பல குடும்பங்களில் உண்டு. அவ்வாறு தெய்வமாகக் கருதப்படும் பெண்ணே பூவாடைக்காரி. பூவை ஆடையாக உடுத்தியவள் என்று அப்பெயருக்குப் பொருள் சொல்வர். மாலைப் பொழுதில் கிணற்றடிக்கோ ஏரிக்கரைக்கோ சென்று, சொம்பிலோ தவலையிலோ நீர் முகந்து, மஞ்சள் பூசிப் பூச்சுற்றி, பம்பையும் உடுக்கையும் முழங்க வீட்டுக்குக் கொண்டுவந்து வைப்பார்கள். பம்பை என்பது இணையாகக் கட்டிய இரட்டை மேளம். அதை முழக்குபவர் வர்ணிப்புப் பாடி இறந்தவரை அழைப்பார். புதுப் புடவை, வளையல், மஞ்சள், குங்குமம் ஆகியவற்றோடு இறந்தவள் விரும்பி உண்ட பண்டமும் படைக்கப்படும்; அந்தப் புடவையைப் பின்னர் வீட்டுப் பெண்களில் ஒருவர் உடுத்துவார். எந்தப் பண்டத்தைச் செய்வது என்று தீர்மானிக்க உட்காரும்போதே, ஒருத்திக்குக் கருவாட்டுக் குழம்பு பிடிக்கும், இன்னொருத்திக்கு வெல்ல அடை பிடிக்கும் என்று மூத்த பெண்கள் பேசத் தொடங்க, மறைந்தவர்களின் குணமும் நடையும் பேச்சும் அடுக்களையில் ஒரு முழுப் பிற்பகலை எடுத்துக்கொள்ளும். பரம்பரைச் செய்தி கைமாறுவதற்கு இதைவிடச் சிறந்த ஏற்பாட்டை இக்கட்டுரையாளர் கண்டதில்லை.

ஆயா மறைந்த பிறகு, 2019இல் பேத்தி ஒருத்தியின் திருமணத்துக்கு முன் அவ்வீட்டில் இவ்வழிபாடு நடந்தது. அழைக்கப்பட வேண்டியவர்களின் பெயர்களைச் சொல்லுமாறு பம்பைக்காரர் முன்னதாகவே கேட்டார். ஆயாவின் பெயர் சொல்லப்பட்டது. இளம்வயதில் இறந்த அவருடைய அக்காவின் பெயரும் நினைவிலிருந்தது. ஆயாவின் தாயாருடைய பெயர் எவருக்கும் தெரியவில்லை. மருமகள் மாமியாரின் பெயரை உச்சரிக்கக் கூடாது, பிள்ளைகள் தாயின் பெயரைச் சொல்லக் கூடாது என்ற மரபில், அந்த அம்மையார் தம் வாழ்நாள் முழுவதும் அம்மா, அண்ணி, பெரியம்மா, ஆயா என்ற உறவுச்சொற்களாலேயே அழைக்கப்பட்டு, ஒரே தலைமுறையில் பெயரற்றவராகிவிட்டார். மரியாதைக்காக மறைத்த பெயர் மறதியில் மறைந்தது பெரிய இழப்பு. நிலப்பத்திரங்களைத் தேடியதில் அவருடைய கணவரின் பெயர் நான்கு இடங்களில் கிடைத்தது. அவர் பெயர் ஓரிடத்திலும் இல்லை.

நீர் முகப்பதற்கென்று பரணிலிருந்து இறக்கிய சிறு தவலையை இக்கட்டுரையாளரின் பெரியம்மா, ஆயாவின் மூத்த மகள், கொல்லைப்புறத்தில் புளி தேய்த்துத் துலக்கிக்கொண்டிருந்தார். பச்சைக் களிம்பு போனதும் கழுத்தைச் சுற்றி எழுத்து தெரிந்தது. ஸ்ரீமுக வருஷம், ஆனி மாதம், ஒரு முதலெழுத்து, அதன்பின் ஒரு பெண்பெயர். ஸ்ரீமுக என்பது 1933–34 அல்லது 1993–94. பெயரின் நடுவே துதிக்கை லை இருந்ததால் முந்தையதே என்பதில் ஐயமில்லை. அந்தப் பெயரைக் கூட்டிப் படித்த பெரியம்மா கையிலிருந்த புளியைக் கீழே வைத்தார். அது அவருடைய பள்ளிச் சான்றிதழில் உள்ள பெயர்.

இதற்குரிய காரணம் பெயரிடும் மரபில் உள்ளது. பேரன் என்ற சொல்லே பெயரன், அதாவது பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்பதிலிருந்து வந்தது. பெயர்த்தி என்பதே பேத்தி ஆயிற்று. ஆயா தம் மூத்த மகளுக்குத் தம் தாயின் பெயரை வைத்தார். வைத்துவிட்டு, தாயின் பெயரைச் சொல்லிப் பிள்ளையை அதட்டவோ வையவோ கூடாது என்பதால், கூப்பிடு பெயர் ஒன்றைச் சூட்டி அதனாலேயே அழைத்தார். மகளோ பள்ளிக்கூடத்தில் மட்டும் புழங்கிய தன் பெயரை வாத்தியார் வைத்ததாக அறுபது வயது கடந்தும் நம்பியிருந்தார். அன்று மாலை ஏரிக்கரையில் பம்பைக்காரர் அப்பெயரைச் சொல்லி அழைத்தபோது, தவலையைத் தலையில் சுமந்து நின்றவர் அவரே.

இவ்வகைப் பதிவுகளுக்கு நேரும் அழிவைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2015 டிசம்பரில் வந்த பெருவெள்ளத்தில் அடையாற்றை ஒட்டிய முடிச்சூர்ப் பகுதியில் உறவினர் வீடொன்று மூழ்கியபோது, இரண்டு தலைமுறையின் கல்யாண ஆல்பங்கள் கட்டியாக ஒட்டிப்போயின. படத்தின் மேற்பூச்சு ஈரத்தில் இளகிக் கண்ணாடியோடு பற்றிக்கொள்வதால், சட்டமிட்ட படங்களை உரித்தெடுக்க முயன்றபோது முகங்கள் கண்ணாடியோடு வந்துவிட்டன. அது மீண்டும் ஒரு மன்மத வருஷம். ஆயாவின் மணத்துக்குரிய மன்மத வருஷம் வெட்டிய அண்டா அவ்வீட்டில்தான் இருந்தது. சேற்றைக் கழுவியதும் எழுத்து இருந்தபடியே இருந்தது. குடும்பப் படங்களையும் தாள்களையும் காக்க நிறுவனங்கள் முயலாமல் இல்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களையும் சிறுவெளியீடுகளையும் கொண்டு 1994இல் உருவான ஆராய்ச்சி நூலகம், தரமணிக்குப் போகுமுன் இதே மேற்குப் புறநகரில், முகப்பேரில் இயங்கியது. தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோக்களின் குடும்பப் படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு மின்படிகளாக்கியது. ஆனால் பித்தளைப் பாத்திரத்தை எந்த நூலகமும் கேட்டு வரப்போவதில்லை. அதைத் தேடி வருபவர் எடைக்கு வாங்கும் வியாபாரி ஒருவரே; அவருக்கு அதிலுள்ள எழுத்து எடையில் சேராது, உலையில் முதலில் கரைவதும் அதுவே.

அடுக்குமாடி வீட்டின் அடுக்களையில் அண்டாவுக்கு இடமில்லை என்பது உண்மை. வறுமையிலோ அவசரத்திலோ விற்றவர்களைக் குறை சொல்லவும் கூடாது. பாத்திரம் போனாலும் எழுத்தைக் காத்துக்கொள்ள முடியும். கல்வெட்டாய்வாளர்கள் ஈரத்தாளைக் கல்லில் ஒற்றி மையிட்டு எடுக்கும் மைப்படியைப் போல, வீட்டிலும் மெல்லிய தாளை எழுத்தின்மேல் வைத்துப் பென்சிலைச் சாய்த்து உரசினால் பெயர் தாளில் ஏறிவிடும். மழுங்கிய எழுத்தில் அரிசிமாவைத் தூவி மேலாகத் துடைத்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் கைபேசியால் படமெடுத்தாலும் தெளிவாக விழும். எடுத்த தாளின் பின்புறத்தில் அது யாருடைய பாத்திரம், எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்கு வந்தது என்பதை, தெரிந்த மூத்தவர்களைக் கேட்டு அன்றே எழுதிவிட வேண்டும். உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு தவலை இருக்கும். வருகிற போகிக்கு வீட்டை ஒழிக்கும்போது, அதைத் தராசில் வைக்கும் முன், கழுத்தைச் சுற்றி ஒருமுறை விரலை ஓட்டிப் பாருங்கள். உங்கள் அம்மாவின் பாட்டி பெயர் என்னவென்று அம்மாவிடம் இன்றே கேளுங்கள்.